பத்து இருபது முதல் இரண்டு ஐந்து வரை

வடக்கு மையம்
பிப்ரவரி 9

அன்புள்ள தெற்கு அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலமா? உங்கள் கடிதம் புதன்கிழமை அலுவலகத் தபால் பையில், அலை அட்டவணைகளுக்கு நடுவில் பத்திரமாக வந்து சேர்ந்தது. வழக்கம்போல வெள்ளிக்கிழமை லீவு நாளில்தான் பிரித்தேன். டியூட்டியில் பிரித்தால் சிரித்து மாட்டிக்கொள்வேன், போன வருடம் மாட்டிக்கொண்டதே போதும். அதுவரைக்கும் அது என் கைப்பையில் கிடக்கும். எங்கள் வீட்டு வாத்தியாருக்கு இது புரிவதே இல்லை. "எட்டு வருஷமா தினம் ஃபோன்ல பேசுறீங்க, அப்புறம் கடுதாசி எதுக்கு?" என்கிறார். அந்த ஃபோனில் விடுகிற மூச்சுகூடப் பதிவாகும், கடலைத் தவிர வேறு பேசக்கூடாது, முகமே பார்க்காத அண்ணனிடம் தலைவலி என்று சொல்லக்கூடத் தபால் பைதான் வழி என்று சொன்னேன். என்னைக் கட்டினவர் கணக்கு வாத்தியார், தலையை மட்டும் ஆட்டினார்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கரையும் எங்கள் கரையும் சேர்ந்து கடல் மீட்புக்கு ஒரே ஒப்பந்தம் எழுதப் போகிறோம் என்று ஒரு கூட்டுக் குழு உட்கார்ந்ததே, அது மூன்றாவது வருடமும் உட்கார்ந்திருக்கிறது. எல்லைக் கோட்டுக்கு வடக்கே தத்தளிக்கிற படகு எங்களுடையது, தெற்கே உங்களுடையது. கோட்டின் மேலேயே ஒன்று நின்றால்? இந்த ஒரு கேள்விக்குத்தான் மூன்று வருடம். இந்தத் தடவை ஒருவர் எழுந்து கோட்டின் தடிமன் எவ்வளவு என்று கேட்டார். வரைபடத்தில் அது பென்சில் கோடு, கடலில் அளந்தால் அரை மைல் வருமாம். அதைப் பற்றி மதியம் வரை பேசினார்கள்.

முடிவில் என் தலையில் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். ஒரு படகை ஒரு மையம் இன்னொரு மையத்துக்கு எப்படி ஒப்படைக்கிறது என்று படிப்படியாகக் குறிப்பு எழுதித் தர வேண்டும். புத்தகத்தில் இருப்பது எனக்கு மனப்பாடம்: படகின் அழைப்பை முதலில் கேட்டவர் எழுத்தில் செய்தி அனுப்பணும், எதிர்ப்பக்கம் பதிவு எண் போட்டு எழுத்தில் ஏற்கணும், அந்த எண்ணை இரண்டு பேரும் வாய்விட்டுப் படிக்கணும், அப்புறம்தான் சுவர்ப் பலகையில் காந்த அட்டையை "நம்முடையது" பக்கத்திலிருந்து "அவர்களுடையது" பக்கத்துக்கு நகர்த்தணும். நாம் செய்வது என்ன? நீங்கள் ஐந்து வார்த்தை சொல்வீர்கள், நான் ஐந்து வார்த்தை சொல்வேன், யார் போகிறார் என்பது தானாகவே தெரியும், அட்டை நகரும். எண் எல்லாம் சாயங்காலம். இதை எப்படி அண்ணா எழுதுவது?

அன்புடன்,
உங்கள் வடக்குத் தங்கச்சி


தெற்கு மையம்
பிப்ரவரி 19

அன்புத் தங்கச்சிக்கு,

ஆசிகள். உன் தலைவலிக்கு உன் அண்ணி சொல்கிற மருந்து: குழுக் கூட்டத்துக்குப் போகாதே. அரைத்த மாவையே அரைக்கிற இடத்தில் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

குறிப்பில் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதிக் கொடு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் அவர்கள் கேட்பது ஏட்டைத்தான். நாம் செய்வதை எழுதினால் உனக்கும் எனக்கும் நாற்காலி போகும், கடலுக்கு ஒரு லாபமும் இல்லை.

இதை ஆரம்பித்தவனே நான்தான், மறந்துவிட்டாயா? மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் புயல் நாள். ஒரே காலையில் பதினோரு படகு. நான்காவது படகுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஐந்தாவது படகுக்காரன் ரேடியோவில் அழுகிறான். அப்போதுதான் உன்னிடம் சொன்னேன்: "எண்ணை அப்புறம் தேடிக்கலாம், ஆளை இப்பத் தேடு." பதினோரு படகும் கரை சேர்ந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நம் இரண்டு பேர் கையில் ஒரு உயிர் நழுவியதில்லை. இதைவிட நல்ல சட்டம் அந்தக் குழு எழுதட்டும், பார்க்கிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். மகள் கார் ஓட்டும் பரீட்சையில் இரண்டாம் தடவையும் தோற்றாள். காணாமல் போன படகைத் தேடுகிறவன் பெற்ற பெண்ணுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியவில்லை. உன் அண்ணி நீ இருக்கிற போட்டோ ஒன்று கேட்கிறாள். "குரல் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்காமே, ஆள் எப்படி?" என்கிறாள். எனக்கு என்ன தெரியும் என்றேன்.

அன்புடன்,
தெற்கு அண்ணன்


வடக்கு மையம்
பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே ஏட்டை எழுதிக் கொடுத்தேன். குழுத் தலைவர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். "நடைமுறை தெரிஞ்சவங்க எழுதினா இப்படித்தான் தெளிவா இருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். பக்கத்தில் இருந்தவர் நான் பணிவில் தலை குனிந்ததாக நினைத்தார்.

ஒன்று கேட்கணும். நான் லீவில் இருந்து, நீங்களும் லீவில் இருந்தால், நம் இரண்டு அறையிலும் புது ஆட்கள் உட்கார்ந்தால், அவர்களுக்கு நம்முடைய இந்த வழக்கம் தெரியுமா? தெரியாதே. அப்போது என்ன ஆகும்? நேற்று பஸ்ஸில் வரும்போது திடீரென்று தோன்றியது. நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

போட்டோ இந்த மாதம் இல்லை. முடி வெட்டியிருக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை.

அன்புடன்,
தங்கச்சி


தெற்கு மையம்
மார்ச் 2

அன்புத் தங்கச்சிக்கு,

அவசரக் கடிதம், புதன்கிழமைப் பைக்கு இன்றே கட்டுகிறார்கள்.

முடியைப் பற்றி உன் அண்ணியிடம் சொன்னேன், வளர்ந்ததும் அனுப்பச் சொன்னாள். புது ஆட்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கு நின்று நிதானமாகப் பதில் எழுதுகிறேன், சுலபமான கேள்வி இல்லை.

இப்போது ஒரு வேலை விஷயம். எங்கள் பெரிய மீட்புப் படகை நாளைக்குக் கரையேற்றுகிறார்கள். ஷாஃப்ட் கோளாறு, பன்னிரண்டாம் தேதி வரை இறங்காது. சின்னப் படகு துறைமுக வாயைத் தாண்டினாலே தவிக்கும். அதனால் இந்த வாரம் கோட்டின் மேல் எது வந்தாலும் நீயே எடுத்துக்கொள். முறைப்படி எழுத்தில் வரும், மெக்கானிக் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் அலைக்கழிக்கிறான். அவன் போட்டதும் அனுப்புகிறேன். உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

மகள் மூன்றாம் தடவை ஓட்டிக் காட்டப் போகிறாள்.

அன்புடன்,
அண்ணன்


வடக்கு, வீட்டிலிருந்து
மார்ச் 7

அண்ணா,

தேதி போட்டுவிட்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். இதைப் பையில் அனுப்பவில்லை, உங்கள் வீட்டு முகவரிக்குச் சாதாரணத் தபாலில் போடுகிறேன். பையைப் பிரித்துப் பார்க்கிறார்களாம்.

வியாழக்கிழமை காலை நீங்கள் கூப்பிட்டீர்கள். கோட்டின் மேல் ஒரு படகு, ஐந்து பேர், இன்ஜின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது என்றீர்கள். இடத்தைச் சொன்னீர்கள், எழுதிக்கொண்டேன். உங்கள் பெரிய படகுக்கு அது நாற்பது நிமிஷத் தூரம். எங்களுக்கு இரண்டரை மணி நேரம். இதில் கேட்க என்ன இருக்கிறது? நீங்கள்தான் போகிறீர்கள், எனக்குத் தகவலுக்குச் சொல்கிறீர்கள் என்று அட்டையை உங்கள் பக்கம் நகர்த்தினேன். மதியம் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்கலாமா என்று ஃபோனைக்கூட எடுத்தேன். கேட்டால் உங்களை நம்பாத மாதிரி இருக்குமே என்று வைத்துவிட்டேன். இரண்டு ஐந்துக்கு ஒரு சரக்குக் கப்பல்காரர் எங்களைக் கூப்பிட்டு, மிதந்துகொண்டிருந்த மூன்று பேரைத் தூக்கியிருக்கிறேன், இரண்டு பேரைக் காணவில்லை, உங்கள் மீட்புப் படகு எங்கே என்று கேட்டார். எனக்கு அவர் கேட்டது மண்டையில் ஏறவே இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. காலையில் ஏதாவது ஆறுதலாக இருக்கட்டும் என்று கைப்பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துப் பிரித்தேன்.

அது புதன்கிழமையே வந்துவிட்டது அண்ணா. வியாழக்கிழமை நீங்கள் பேசும்போது என் காலடியில் இருந்த கைப்பையில் கிடந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் என்னிடம் சொல்லிவிட்டீர்கள். நான் கேட்கவில்லை. யாராவது எனக்குப் புரியவையுங்கள்.

தங்கச்சி


தெற்கு, வீட்டிலிருந்து
மார்ச் 13

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எனக்கும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருக்கிறது.

அந்த ஃபோன் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். முப்பத்து நான்கு வினாடி. நான் இடத்தைச் சொல்கிறேன், நீ திருப்பிச் சொல்கிறாய். "அஞ்சு பேர், தண்ணி ஏறுது" என்கிறேன். "எழுதிக்கிட்டேன் அண்ணா" என்கிறாய். "காத்து மாறுது, பாத்து" என்கிறேன். வைத்துவிடுகிறோம். அவ்வளவுதான். நீ போறியா, நான் போறேனா என்று இரண்டு பேரும் கேட்கவே இல்லை. எங்கள் அதிகாரி மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒப்படைச்சது எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அதில் எல்லாம் இருக்கிற மாதிரிதான் அதுவரை கேட்டது. என் படகு கரையில் நிற்பது உனக்குத் தெரியும், அதனால் நீ கிளம்பிவிட்டாய் என்று என் அட்டையை உன் பக்கம் தள்ளிவிட்டு, நான் அடுத்த வேலையைப் பார்த்தேன். நீ வெள்ளிக்கிழமைதான் என் கடிதத்தைப் பிரிப்பாய் என்பது எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். தெரிந்தும் நினைக்கவில்லை. இதை என்ன என்று சொல்வது?

மெக்கானிக் ஒன்பதாம் தேதி கையெழுத்துப் போட்டான். படகு பழுது என்று முறையான அறிவிப்பு உங்கள் மையத்துக்கு அன்றுதான் போயிற்று. படித்திருப்பாய்.

என்னை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிடங்கில் உயிர்காப்பு அங்கிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீ என்ன செய்கிறாய்? சாப்பிடுகிறாயா? எங்கள் அலுவலகம் என்னிடம் ஒரு வாக்குமூலம் எழுதித் தரச் சொல்கிறது. அதில் வடக்கு ஏற்றுக்கொண்டது என்று எழுத வேண்டுமாம். நான் எழுதவில்லை. எனக்கு நினைவில்லை என்று எழுதினேன். அது பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன்


வடக்கு, வீட்டிலிருந்து
மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் பழைய கோப்பு அறையில் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். எங்கள் அலுவலகம் என்னைத் தெற்கு ஏற்றுக்கொண்டது என்று எழுதச் சொல்கிறது. படிவத்தில் "ஏற்றவர் யார்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்து கேட்கிறார்கள்.

இறந்துபோன இரண்டு பேரில் ஒருவர் படகின் இன்ஜின்காரர். அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடையில் வேலை செய்கிறார். தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் எங்கள் மையத்து வாசலுக்கு வருகிறார். அழுவதில்லை, கத்துவதில்லை. கையில் ஒரு நோட்டு, அளவு எழுதுகிற நோட்டு. ஒரே கேள்விதான். "அவர் உதவி கேட்டது பத்து இருபதுக்கு. கப்பல்காரர் வந்தது ரெண்டு அஞ்சுக்கு. நடுவுல அவர் யார் பொறுப்புல இருந்தார்?" வாசல் காவலர் தெற்கு என்று சொல்லியனுப்பினார். அந்த அம்மா இரண்டு பஸ் மாறி உங்கள் மையத்துக்குப் போனார், அங்கே வடக்கு என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாள் காலை இங்கே நின்றார். இரண்டு வாசலும் மிதித்துவிட்டு நிற்கிறவரைப் பார்த்து என்னால் ஜன்னலை விட்டு நகர முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லணும். உயிர் பிழைத்தவர்கள் சொன்னதை வைத்து நேரம் போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பேரும் ஒன்றரை மணி வரை ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். நான் அழைப்பு வந்தவுடன் எங்கள் படகை அனுப்பியிருந்தால் பன்னிரண்டு ஐம்பதுக்குப் போயிருக்கும். வாத்தியாரிடம் கணக்குப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

இப்போது கூட்டுக் குழுவையே விசாரணைக் குழு ஆக்கிவிட்டார்கள். இரண்டு அலுவலக வக்கீல்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்களாம்: தகவல் தொடர்புக் கருவியில் கோளாறு. கருவி நன்றாகத்தான் இருந்தது, உங்கள் இருமல்கூடக் கேட்டது. கோளாறு என்று எழுதினால் புது ஃபோன் வாங்குவார்கள். ஒப்படைக்கிற முறை அப்படியே இருக்கும், அடுத்த படகும் அப்படியே போகும். இல்லை, நடந்ததைச் சொன்னால் உங்கள் கடிதத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் உங்கள் வேலை போகும். அது என் கைப்பையில் இருந்ததைச் சொன்னால் என் வேலையும் போகும். காட்டாவிட்டால் அந்த அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். இத்தனை வருடமும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

தங்கச்சி


தெற்கு, வீட்டிலிருந்து
ஏப்ரல் 5

தங்கச்சி,

கிழித்துப் போடு. அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. பத்தொன்பது வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேரைக் கரை சேர்த்திருப்பேன்? யாராவது எண்ணினார்களா? ஒரு வாரம் ஒரு மெக்கானிக் கையெழுத்துப் போடாததற்கு நான் தலையைக் கொடுக்க வேண்டுமா? அந்தக் குழு மூன்று வருடம் கோட்டின் தடிமனை அளந்துகொண்டிருந்ததே, அதற்கு யார் தலையைக் கொடுப்பது? கருவிக் கோளாறு என்றால் கருவிக் கோளாறு. விட்டுவிடு.

ஏப்ரல் 6

நேற்று எழுதியதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

காலையில் கிடங்கில் அங்கிகளை எண்ணும்போது ஒரு அங்கியின் உள்பக்கம் யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் பெயரை எழுதியிருந்தார்கள். எந்தப் பிள்ளை, எந்தப் படகு, ஞாபகம் இல்லை. கரை சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. அதைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்தேன்.

இப்படிச் செய்வோம். கடிதத்தைக் குழுவிடம் கொடு. உறையை மட்டும் கிழித்துப் போடு, பையில் வந்ததால் அதில் தபால் தலை கிடையாது. நான் புதன்கிழமைப் பையைத் தவறவிட்டேன், வியாழக்கிழமை சாயங்காலம்தான் சாதாரணத் தபாலில் போட்டேன், உனக்குச் சனிக்கிழமைதான் வந்தது என்று நான் சொல்லிவிடுகிறேன். நீயும் சனிக்கிழமை என்றே சொல். முறை மாற வேண்டியது மாறும், அந்த அம்மாவுக்கும் ஒரு பதில் கிடைக்கும். போகிற வேலை ஒன்று போதும், இரண்டு எதற்கு? நீ இன்னும் இருபது வருடம் அந்த நாற்காலியில் இருக்க வேண்டியவள்.

எதிர்வாதம் செய்யாதே.

அண்ணன்


வடக்கு, வீட்டிலிருந்து
ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

சரி, நீங்கள் சொன்னபடியே. சரி என்று எழுதிவிட்டேனே தவிர, மனசு ஒரு நிலையில் இல்லை. வாத்தியாரிடம் சொன்னேன். "பெரியவர் சொல்றாரு, கேட்டுக்கோ" என்றார். அரை மணி கழித்து வந்து, "ஆனா அது சரியில்லையே" என்றார். மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார். இந்த வீட்டில் இப்போது இரண்டு பேருக்கும் புத்தி பேதலித்திருக்கிறது.

விசாரணை மே ஐந்தும் ஏழும் என்று கடிதம் வந்திருக்கிறது. செவ்வாய் நீங்கள், வியாழன் நான். இரண்டு பேரும் சந்திக்கக் கூடாதாம். நாம் சந்தித்ததே இல்லை என்று சொன்னால் அந்த எழுத்தர் நம்பவில்லை.

தங்கச்சி


விசாரணை நடக்கும் ஊரிலிருந்து
மே 5

அன்புத் தங்கச்சிக்கு,

முடிந்தது. இது வியாழனுக்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்காது என்று தெரியும், இருந்தாலும் யாரிடம் சொல்வது?

நீளமான அறை. மேலே சுற்றுகிற காற்றாடி ஒன்று கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டே இருந்தது, யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. மூன்றாவது வரிசையில் அந்தத் தையல்காரம்மா. நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தார். கருவிக் கோளாறு பற்றி எங்கள் வக்கீல் ஆரம்பித்தார். நான் எழுந்து, "கருவி நல்லாத்தான் இருந்துச்சுங்க, நாங்கதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டேன். எண் போடாமல் ஒப்படைக்கிற வழக்கம், புயல் நாள், கடிதத்தில் வேலை விஷயம் எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். பையில் போட மறந்து வியாழக்கிழமை தபாலில் போட்டேன் என்றும் சொன்னேன். வடக்குக்கு ஒன்றுமே தெரியாது என்றேன். குழுத் தலைவர் கேட்டார்: "அப்ப அந்த மூணே முக்கால் மணி நேரம் அவங்க யார் பொறுப்பு?" "என் பொறுப்பு. முதல்ல கேட்டவன் நான், முழு நேரமும் என்கிட்டதான் இருந்தாங்க" என்றேன்.

சொன்னதும் பாரம் இறங்கியது என்று எழுத ஆசை. இறங்கவில்லை. அந்த அம்மா நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அதில் கோபம் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வியாழன் நீ பயப்படாமல் சனிக்கிழமை என்று ஒரு வார்த்தை சொல். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்


வடக்கு, வீட்டிலிருந்து
மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. எல்லாம் முடிந்த பிறகு.

நான் சனிக்கிழமை என்று சொல்லவில்லை. நான் உறையைக் கிழிக்கவே இல்லை அண்ணா. உங்களுக்குச் சரி என்று எழுதின அன்றே அதை எடுத்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. வியாழக்கிழமை சாட்சி நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அம்மாவின் நோட்டு எனக்கு நேராகத் தெரிந்தது. இடது பக்கம் பத்து இருபது, வலது பக்கம் இரண்டு ஐந்து, நடுவில் கோடு போட்டு உங்கள் மையத்தின் பெயர் எழுதியிருந்தது. அவர் அதை நிஜம் என்று நம்பி எழுதியிருக்கிறார். அதில் பாதி பொய். மனசு கேட்கவில்லை.

கடிதத்தோடு உறையையும் மேஜையில் வைத்தேன். தபால் தலை இல்லாததை எல்லோரும் பார்த்தார்கள். புதன்கிழமையே வந்தது, என் கைப்பையில் இருந்தது, லீவு நாளில் படிக்கலாம் என்று வைத்திருந்தேன் என்று சொன்னேன். மதியம் ஃபோனை எடுத்துவிட்டு வைத்ததையும் சொன்னேன். "என் பொறுப்புலதான் இருந்தாங்க, பன்னெண்டு அம்பதுக்கு என் படகு போயிருக்கும்" என்றேன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை அவர் தன் பொறுப்புங்கிறார், இன்னைக்கு நீங்க உங்க பொறுப்புங்கிறீங்க, நான் எதைம்மா எழுதறது?" என்று கேட்டார். உங்கள் மேல் பொய் சாட்சி என்று தனி விசாரணை வரும் என்கிறார்கள். உங்களை அதில் மாட்டிவிட்டது நான்தான். நீங்கள் என்னைக் காப்பாற்றப் பார்த்தீர்கள், நான் உங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மூன்று வருடம் இழுத்த விஷயத்தை அன்று மதியமே நாற்பது நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். படகு எங்கே நின்றாலும் சரி, அழைப்பை முதலில் கேட்ட மையத்தின் பொறுப்பு. எதிர்ப்பக்கம் எழுத்தில் எண் கொடுத்து, "ஏற்றுக்கொண்டோம்" என்று சொல்லும் வரை அது கேட்டவருடையதுதான், யாரும் அட்டையை நகர்த்தக் கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்கணும், அதை யாரும் சந்தேகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுகூட ஒரு வரி இருக்கிறது. படகு பழுது என்றால் கையெழுத்துக்குக் காத்திராமல் அந்த நிமிஷமே லைனில் சொல்லணும். கடைசியாக, இரண்டு அறைகளிலும் நாற்காலியில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமாகக் கடிதம் எழுதக் கூடாது. அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது நான். சொல்லும்போது அழுதுவிட்டேன், சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. நல்ல சட்டம்தான் அண்ணா. அது முதலிலிருந்தே இருந்திருந்தால் உங்களை எனக்கு இந்த அளவு தெரிந்திருக்காது, அவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. நான் என் பொறுப்பு என்று சொல்லி முடித்ததும் அந்த அம்மா எழுந்தார். உட்காரச் சொன்னார்கள், அவர் உட்காரவில்லை. நோட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல்தான் கேட்டார்.

"அன்னிக்கு அவரும் கேக்கல, நீங்களும் கேக்கல. இன்னிக்கு வந்து என்கிட்டதான் இருந்தார், என்கிட்டதான் இருந்தார்னு ரெண்டு பேரும் போட்டி போடுறீங்க. அன்னிக்கு உங்கள்ல ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தா என் வீட்டுக்காரர் வந்திருப்பாரே."

என்னிடம்தான் கேட்டார். நீங்கள் அந்த அறையில் இல்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். பதில் எழுத வேண்டாம் அண்ணா. அந்த அம்மா கேட்டதை அண்ணியிடம் சொல்லுங்கள்.

தங்கச்சி